‘அசல் லாஸ்கோ குகை’ என்று விற்கப்படும் சுற்றுலா: முற்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கடந்த ஒக்டோபர் இறுதியில், பிரான்சின் தென்மேற்கிலுள்ள டோர்டோன் மாவட்டத்துக்கு, வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓவியக் குகைகளையும் காட்டுவழிகளையும் பார்ப்பதற்காகக் குடும்பமாகப் போய், நான்கு பேருக்குமாக 1,560 யூரோ கொடுத்து ஏமாந்து திரும்பினோம். அதே விளம்பரம் இப்போது மறுபடியும் தொலைபேசிக் குழுக்களில் சுற்றி வருவதைக் கண்டதால்தான் இதை எழுதுகிறேன். முறைப்பாடு இன்னும் முடிவடையாததால், விற்றவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற என் அப்பா, எங்களைப் பார்க்க மூன்று மாதம் வந்திருந்தார். பரிஸில் எல்லோரும் காட்டும் கோபுரத்தையும் அரண்மனையையும் அவர் பொறுமையாகப் பார்த்தார். ஆனால், வகுப்பில் தானே கரும்பலகையில் வரைந்து காட்டிய, லாஸ்கோ என்ற பனியுக ஓவியக் குகையின் பெரிய காளையை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே விருப்பம். அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. மூன்று நாள், இரண்டு இரவு, பரிஸிலிருந்து வாகனம், நாட்டுப்புற வீட்டில் தங்கல், ‘அசல் லாஸ்கோ குகைக்குள் சிறப்பு அனுமதியுடன் நுழைவு’, ஃபோன்-து-கோம் குகை, உரிமம் பெற்ற வழிகாட்டி, லா மத்லேன் குகைக்கிராமம் வரை இரண்டு மணிநேர எளிய காட்டுநடை என்று எல்லாம் அதில் இருந்தன. அசல் குகை மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேனே என்று நான் தொலைபேசியில் கேட்டேன். “அது பொதுச்சனத்துக்கு அக்கா, எங்களுக்கு அனுமதி இருக்கு” என்றார் விற்றவர். எங்கள் மொழியில், அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், நானும் மேற்கொண்டு கேட்காமல் பாதிப் பணத்தைக் காசாகவும் மீதியை வங்கி வழியாகவும் கொடுத்துவிட்டேன்.

அன்று நான் தேடிப் பார்த்திருக்க வேண்டிய உண்மை இதுதான். மொன்தின்யாக் ஊருக்கு மேலேயுள்ள குன்றில், 1940 செப்டெம்பரில் நான்கு இளைஞர்கள் கண்டுபிடித்த லாஸ்கோ குகை, 1948 இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போய்வந்ததால், அவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் வெப்பமும் விளக்குகளின் ஒளியும் சேர்ந்து பாறையில் பச்சைப் பாசியையும் வெண்ணிறச் சுண்ணப் படிவையும் வளர்த்தன. பல ஆயிரம் ஆண்டுகள் கெடாமல் இருந்த நிறங்கள் பதினைந்தே ஆண்டுகளில் ஆபத்துக்குள்ளானதைக் கண்டு, அப்போது பண்பாட்டு அமைச்சராக இருந்த அந்திரே மால்ரோ 1963 இல் குகையை மூடினார். அன்றிலிருந்து அது சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவேயில்லை. பாதுகாப்புப் பணியாளரும் ஆய்வாளரும் மட்டும், அதுவும் மிகக் குறைந்த நேரத்துக்கு, உள்ளே செல்கிறார்கள். அதன் ஒரு பகுதியின் நகலாக 1983 இல் ‘லாஸ்கோ 2’ திறக்கப்பட்டது. குன்றின் அடிவாரத்தில் ஏறத்தாழ முழுக் குகையின் நகலாக 2016 டிசம்பரில் ‘லாஸ்கோ 4’ திறக்கப்பட்டது. ஆகவே, எந்த நிறுவனமானாலும், எவ்வளவு பணம் கேட்டாலும், ‘அசல் லாஸ்கோவுக்குள் அழைத்துப் போகிறோம்’ என்று ஒரு சுற்றுலாப் பயணியிடம் சொன்னால் அது பொய்.

எங்களை அழைத்துப் போனது லாஸ்கோ 4 க்குத்தான். நுழைவுச்சீட்டுகளைச் சாரதி தன் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசலில் பணியாளரிடம் மொத்தமாகக் காட்டினார். நிலையத்தின் வழிகாட்டிப் பெண் தன் முதல் வாக்கியத்திலேயே, நீங்கள் பார்க்கப்போவது நகல் என்று பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னார். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. “இதுதான் ஐயா குகை” என்று சாரதி ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார். குளிரும் இருளும் ஈரவாசனையும் நிறைந்த அந்த மண்டபத்தில், ஐந்து மீற்றருக்கும் அதிக நீளமான காளையின் கீழே அப்பா கைகளைக் கூப்பியபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, அந்தப் பொடியன்கள் இறங்கின துவாரம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அவருக்கு நான்தான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை, கூப்பிய கைகளை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாஸ்கோ 4 ஏமாற்று அல்ல. பாறையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அளந்து, ஓவியர்கள் கையால் தீட்டி உருவாக்கிய பெருமுயற்சி அது. தான் நகல் என்பதை அது எங்கேயும் மறைப்பதில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லி அழைத்துப் போயிருந்தால், அப்பா அந்தக் கைவண்ணத்தை மனமாரப் பாராட்டியிருப்பார். எங்களிடம் களவாடப்பட்டது அந்த வாய்ப்புத்தான், பணம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது ஃபோன்-து-கோம். லே எய்சி ஊரிலுள்ள இந்தக் குகை 1901 இல் அடையாளம் காணப்பட்டது. பல நிறங்களால் தீட்டப்பட்ட பனியுகக் காட்டெருமைகளை நகலாக அன்றி மூலமாகவே இன்றும் மக்கள் பார்க்கக்கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று. அதனாலேயே நாளொன்றுக்குச் சில டசின் பேரை மட்டும், சிறு சிறு குழுக்களாக, அரச நினைவுச்சின்ன மையத்தின் வழிகாட்டிகளோடு மட்டுமே அனுமதிக்கிறார்கள். எங்களுக்கு அங்கே எந்தப் பதிவும் செய்யப்பட்டிருக்கவில்லை. ‘இன்று நிரம்பிவிட்டது, விதி’ என்று சாரதி சொன்னார். வரவேற்பு மேசையில் நானே போய்க் கேட்டபோது, அப்படியொரு பெயரில் எந்த வேண்டுகோளும் வரவில்லை என்றார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி என்று சொல்லப்பட்டவரும் அந்தச் சாரதிதான். பிரான்சில் அத்தகைய வழிகாட்டிக்கு அரசு வழங்கும் தொழில் அட்டை இருக்கும். காட்டும்படி கேட்டேன், அவரிடம் இருக்கவில்லை.

தங்கிய வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடேற்றி வேலை செய்யவில்லை, படத்தில் இருந்த வீடும் அதுவல்ல. ஆனால் இரண்டாம் நாள் நடையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உயிராபத்து இருந்தது.

அன்று ஒக்டோபரின் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காகக் கடிகாரம் ஒரு மணி பின்னால் தள்ளப்பட்டு, மாலை சீக்கிரமே இருட்டத் தொடங்கும் நாள். பிற்பகல் இரண்டரை மணிக்கு லே எய்சியில் எங்களை இறக்கிவிட்ட சாரதி, மங்கிய ஒரு நகல் வரைபடத்தைத் தந்து, ‘மஞ்சள் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போங்கள், மத்லேனில் வாகனத்தோடு நிற்பேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். கருவாலி மரங்களும் செஸ்நட் மரங்களும் நெருங்கி நின்ற காடு, காலடியில் உதிர்ந்த முட்காய்கள், இடையிடையே சுண்ணாம்புப் பாறை முகடு என்று முதல் ஒரு மணிநேரம் உண்மையில் அழகாகவே இருந்தது. பிறகு ஒரு பிரிவில் மஞ்சள் கோடு மறைந்து, வெள்ளை-சிவப்புக் கோடுகள் தொடங்கின. மஞ்சள் கோடு உள்ளூரின் குறுநடைப் பாதையைக் குறிக்கும், வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்பது நாடு முழுவதும் ஓடும் நெடுந்தூரப் பாதையைக் குறிக்கும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள் ‘இப்படிப் போகாதே’ என்பதைக் குறிக்கும் என்பதையெல்லாம் நான் வீடு திரும்பிய பிறகே தெரிந்துகொண்டேன். ஒருவரும் சொல்லித்தராததால், கண்ணில் பட்ட கோட்டைப் பின்தொடர்ந்து மேலே மேலே ஏறினோம்.

ஏறத்தாழ ஐந்து மணிக்கு நாய்கள் குரைப்பதும் துப்பாக்கி வெடிப்பதும் மிக அருகில் கேட்டன. பிரான்சில் வேட்டைப் பருவம் பெரும்பாலும் செப்டெம்பரில் தொடங்கிப் பெப்ரவரி இறுதிவரை நீள்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பன்றியைச் சூழ்ந்து விரட்டும் குழு வேட்டை நடப்பது வழக்கம். வேட்டை நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பார்கள், ஆனால் நாங்கள் பாதை தவறி வந்ததால் பலகை எதையும் காணவில்லை. கறுப்பு, மண்ணிற உடைகளோடு மரங்களுக்கிடையே நின்ற எங்களைக் கண்டு ஓடிவந்த செம்மஞ்சள் அங்கிக்காரர் ஒருவர், கைகளை உயர்த்தித் தன் ஆட்களைச் சுடாதிருக்கச் சொல்லிவிட்டு, தாமே துர்சாக் ஊருக்குச் செல்லும் தெருவுக்கு எங்களை இறக்கிவிட்டார். ஆறு மணி கடந்தபோது முழு இருட்டு. அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது; சாரதியின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அந்த வழியாக வந்த ஒரு விவசாயப் பெண்மணி, ஒன்றும் கேட்காமல் எங்களைத் தன் வண்டியில் ஏற்றித் தங்கிய வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். நாங்கள் நடந்தது 13 கிலோமீற்றர். மத்லேனை நாங்கள் பார்க்கவேயில்லை. பனியுக மனிதரின் ஒரு முழுக் காலகட்டத்துக்கே பெயர் தந்த இடம் அது என்று வரும் வழியெல்லாம் அப்பா என் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

திரும்பியதும் பணத்தைக் கேட்டேன். ‘வானிலை’, ‘குகை நிருவாகத்தின் முடிவு’ என்று காரணங்கள் சொல்லி, இறுதியில் 120 யூரோ தருவதாகச் சொன்னார்கள், நான் ஏற்கவில்லை. அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். பிரான்சில் பயணம், தங்கல், பார்வையிடல் ஆகியவற்றை ஒரே விலையில் சேர்த்து விற்பவர் எவரும், நாட்டின் சுற்றுலா வளர்ச்சி அமைப்பான அத்தூ பிரான்ஸ் நிறுவனத்தின் பயண முகவர் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்த இலக்கம் ‘ஐஎம்’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளில் தொடங்கும். பதிவு பெற, வாடிக்கையாளரின் பணத்துக்கு நிதி உத்தரவாதமும் தொழில்சார் காப்புறுதியும் காட்ட வேண்டும். பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் பற்றுச்சீட்டில் அந்த இலக்கம் இல்லை. பதிவேட்டிலும் அந்தப் பெயர் இல்லை. இரண்டு நிமிடத் தேடல் எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகவே, இப்படி ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கேட்பவரிடம் முதலில் அந்த இலக்கத்தைக் கேளுங்கள். எந்தக் குகை, எந்த நாள், எந்த மணி என்று உங்கள் பெயரிலுள்ள நுழைவுச்சீட்டின் நகலைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் பெறுங்கள். காசாகக் கொடுக்காதீர்கள், வங்கி அட்டையில் கட்டினால் பின்னர் வங்கியிடமாவது முறையிடலாம். நடை என்றால் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மீற்றர் ஏற்றம், யார் கூட வருகிறார் என்று கேளுங்கள். தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பாதையை நீங்களே ஒருமுறை பாருங்கள். இலையுதிர் காலத்தில் பளிச்சென்ற நிற உடை போடுங்கள். வழி தவறினால் 112 ஐ அழையுங்கள். எனக்கு அந்த மாலையில் அது நினைவுக்கு வரவில்லை.

மூல ஓவியங்களைப் பார்க்க இடைத்தரகர் தேவையே இல்லை. நவம்பர் நடுப்பகுதியில், ஃபோன்-து-கோமுக்கு நானே இரண்டு இடங்களைப் பதிந்து, அப்பாவைத் தொடருந்தில் லே எய்சிக்கு அழைத்துப் போனேன். நிலையம் ஊரிலேயே இருக்கிறது. குறுகிய வழியில் வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, பாறையின் புடைப்பிலிருந்து ஒரு காட்டெருமையின் முதுகு எழுந்து வந்தது. அருகில் ஒரு மான் மற்றொன்றின் நெற்றியை நக்குகிறது. அப்பா இம்முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கே இடம் கிடைக்காதவர்கள், மின்தொடருந்தில் அழைத்துப் போகும் ரூஃபின்யாக் குகையின் மாமூத் யானைகளையோ, சற்றுத் தெற்கே லோத் மாவட்டத்திலுள்ள பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளையோ பார்க்கலாம், இரண்டும் மூலமே.

முறைப்பாட்டின் நிலை இது. விற்றவருக்கு ஏற்புச்சான்றுடன் அனுப்பிய பதிவுத் தபாலுக்குப் பதில் வரவில்லை. நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் ‘சிக்னல் கொன்சோ’ தளத்தில் பதிந்திருக்கிறேன். 5,000 யூரோவுக்கு உட்பட்ட வழக்குகளில் நீதிமன்றத்துக்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டியிருப்பதால், கட்டணமில்லாத நீதித்துறைச் சமரசரிடம் நாள் கேட்டிருக்கிறேன். இதே விளம்பரத்தை நம்பி ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், அந்த விளம்பரத்தின் படத்தையும் குரல்பதிவுகளையும் வங்கிச் சான்றையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். என்னுடைய குரல்பதிவுகளில் பாதியை நான் இடம் போதாமல் அழித்துவிட்டேன், சமரசர் அலுவலகத்தில் முதலில் கேட்டது அவற்றைத்தான்.