ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி: ‘ஆரஞ்சு’ வழியாக ஒரு மதிப்பீடு

ஆங்கிலச் சொற்களின் பிறப்பை அறிய இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள், டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரியையே முதலில் பரிந்துரைப்பேன். அதன் திறத்தையும் குறையையும் காட்ட ‘ஆரஞ்சு’ என்ற ஒரு சொல் போதும்.

அச்சொல்லைத் தேடினால், பழைய பிரெஞ்சு, இத்தாலியம், அரபியின் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தின் ‘நாரங்’, சமஸ்கிருதத்தின் ‘நாரங்க’ என்று அது வந்த வழி ஒரே பத்தியில் பின்னோக்கி விரிகிறது. கிழக்கு மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற நகரம் (‘ந’ என்ற எழுத்து) எப்படித் தொலைந்தது என்பதற்கும் அங்கே விளக்கம் உண்டு: ‘ஒரு’ என்ற பொருளில் பெயருக்கு முன் வரும் சொல்லிலும் நகர ஒலி இருந்ததால், கேட்டவர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்டுத் தவறான இடத்தில் பிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘நேப்ரன்’ என்பது ‘ஏப்ரன்’ ஆனதும் இவ்வாறே. கிரிக்கெட்டின் ‘அம்பயர்’ என்ற சொல்லும் முன்பு நகர ஒலியோடு தொடங்கியதுதான். ஸ்பானிய மொழியோ ஆரஞ்சின் நகர ஒலியை இன்றும் விடவில்லை. பழத்தின் பெயர் நிறத்துக்கு ஆகிவந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். பழைய ஆங்கிலத்தில் அந்நிறத்தை ‘மஞ்சள் சிவப்பு’ என்றே சொல்லிவந்தார்கள்.

குறை தெரிவது சமஸ்கிருதத்துக்கு அப்பால். ‘நாரங்க’ திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. தமிழின் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அந்த விவாதத்தில் தவறாமல் இடம்பெறும் சொற்கள். இந்தோ-ஐரோப்பிய வேர்களை அவ்வளவு விரிவாகத் தொடரும் இத்தளம், திராவிட மொழிகளின் பக்கம் காட்டும் சுருக்கம் தமிழ் வாசகருக்கு நிச்சயம் ஏமாற்றம் தரும்.

சொல்லுக்கு அருகே தரப்படும் ஆண்டு, எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் காலமே. பேச்சில் அச்சொல் அதற்கு வெகு முன்பே வழங்கியிருக்கலாம். அந்தச் சான்று வரியை நேரில் படிக்க விரும்புவோர், 1928இல் முதற்பதிப்பு நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத்தான் நாட வேண்டும். அதன் இணையப் பதிப்பை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா தேவை. மேலும், நட்சத்திரக் குறியிட்ட வேர்கள் எந்த ஏட்டிலும் காணப்பட்டவை அல்ல, ஒப்பீட்டால் மொழியியலாளர் மீட்டமைத்தவை. அவற்றைச் சான்றுள்ள சொற்களாக மேற்கோள் காட்டக் கூடாது.