எல்விஎம் 2018லேந்து ஓட்டறேன், ஸ்னாப்ஷாட் மேல கோவம் மட்டும் இன்னும் போகல

லாஸ்பேட்டைல இருக்கற ஃப்ரெண்டு புது சர்வர் வாங்கிட்டு, "மச்சான், எல்விஎம் போடவா இல்ல சாதா பார்ட்டிஷனே போதுமா"ன்னு நேத்து ராத்திரி கேட்டான். ஃபோன்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன். எல்விஎம்னா லினக்ஸ்ல டிஸ்க்கெல்லாம் ஒண்ணா சேத்து, வேணுங்கற அளவுக்கு பிரிச்சுக்கற முறை. பிவி (டிஸ்க்), விஜி (டிஸ்க்கெல்லாம் சேத்த மொத்தம்), எல்வி (அதுலேந்து பிரிச்ச துண்டு), இந்த மூணும் தெரிஞ்சா போதும்.

நமக்கு கடலூர் மஞ்சக்குப்பத்துல கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ. 4 டிபி டிஸ்க் ரெண்டு, ஒரே விஜி, மேல ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். இடம் பத்தலன்னா எல்விஎக்ஸ்டெண்ட் மைனஸ் ஆர் (எல்வியையும் ஃபைல் சிஸ்டத்தையும் பெருசாக்கற கமாண்டு), எடிட்டர் பசங்க வேலைய நிறுத்தாமலே முடிஞ்சிடும். அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஸ்னாப்ஷாட்தான் பிரச்சன. எல்வி அந்த நொடில எப்டி இருந்துச்சோ அத காட்டற நகல் அது; அப்பறம் மாறற பிளாக்கோட (டிஸ்க்கோட சின்ன துண்டு) பழசத்தான் அதுக்குன்னு ஒதுக்கின இடத்துல வெச்சுக்கும். தெனம் ராத்திரி 11 மணிக்கு 20 ஜிபில ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அத மவுண்ட் பண்ணி ஆர்சிங்க்ல (ஃபைல் காப்பி பண்ற டூல்) வெளி டிஸ்குக்கு பேக்கப். மாசக்கணக்கா நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு தை மாச முகூர்த்தத்தன்னிக்கு பசங்க ராத்திரியோட ராத்திரியா நாலு கார்டு காப்பி பண்ணாங்க. எல்லாம் புது ஃபைல், காலி இடத்துலதான் போய் உக்காருது, பழசு எதையும் தொடல, அதனால ஸ்னாப்ஷாட் ரொம்பாதுன்னு நெனச்சிருந்தேன். ஆனா அதுக்கு ஃபைல் சிஸ்டம்னா என்னன்னே தெரியாது, பிளாக் மட்டும்தான் தெரியும், காலி பிளாக்ல எழுதினாலும் அங்க முன்னாடி கெடந்த குப்பைய காப்பி பண்ணி எடுத்து வெச்சிட்டுதான் விடும். 20 ஜிபி ரொம்பின உடனே ஸ்னாப்ஷாட் இன்வாலிட், மொத்தமா செல்லாது. ஒரிஜினல் எல்விக்கு ஒண்ணும் ஆகல, அது உண்மை, அத மறைக்க மாட்டேன். ஆனா பேக்கப் பாதில நின்னு போச்சு, லாக்ல இன்புட் அவுட்புட் எரர் வரிவரியா. மறுநா காலைல ஒரு பையன் தெரியாம அந்த கல்யாண ஃபோல்டரையே அழிச்சிட்டான். கேமராமேன் நெல்லிக்குப்பத்துக்கு அடுத்த கல்யாணத்துக்கு கெளம்பி நிக்கறாரு, கார்ட இன்னும் ஃபார்மட் பண்ணல, அதனால தப்பிச்சோம்.

எனக்கு ஆறாதது எதுன்னா, தானா பெருசாக்கற வசதி உள்ளயே இருக்கு. எல்விஎம் கான்ஃப் ஃபைல்ல ஸ்னாப்ஷாட் ஆட்டோஎக்ஸ்டெண்ட் த்ரெஷோல்டுன்னு ஒரு வரி, டீஃபால்ட் 100, 100ன்னா ஆஃப்னு அர்த்தம். ஏன் ஆஃப்ல குடுக்கறாங்க? இப்ப 70ன்னு போட்டிருக்கேன், பர்சன்ட் 20, அதாவது 70 சதவீதம் ரொம்பினா இருக்கறதுல 20 சதவீதம் கூட்டிக்கும். அதுக்கும் விஜில காலி இடம் இருக்கணும், டிஎம்ஈவென்ட்டிடி (ஸ்னாப்ஷாட் ரொம்பறத கவனிக்கற புரோகிராம்) ஓடணும். நான் ஆரம்பத்துலயே ஸ்னாப்ஷாட்டுக்கு அந்த 20 ஜிபிய மட்டும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் எல்விக்கே குடுத்துட்டேன், யாரும் அப்டி செய்யாதீங்க.

பிவிமூவ் (ஒரு டிஸ்க்ல இருக்கற டேட்டாவ வேலை நடக்கும்போதே இன்னொரு டிஸ்குக்கு நகத்தற கமாண்டு) பத்தி சொல்லாம விட்டா பாவம். 2024 நவம்பர் கடைசில ஒரு டிஸ்க்ல ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போச்சுன்னு டிஸ்க்கே ஒதுக்கற எடம்) தெனம் ஏறிட்டே போச்சு. புது டிஸ்க் வாங்கி விஜிஎக்ஸ்டெண்ட் பண்ணி விஜில சேத்து வெள்ளிக்கிழம சாயங்காலம் பிவிமூவ் ஆரம்பிச்சேன், பசங்க அதே டிஸ்க்லேந்து எடிட் பண்ணிட்டே இருந்தாங்க. மறுநா சனிக்கிழம, 30ம் தேதி, ஃபெஞ்சல் புயல், கரண்ட் போச்சு, யூபிஎஸும் படுத்துடுச்சு, பாதி டேட்டா இங்க பாதி அங்க. அந்த மழைய பாத்துட்டு வீட்ல உக்காந்திருந்தப்ப எனக்கு சோறு எறங்கல. கரண்ட் வந்து பூட் ஆனதும் டிஸ்க் பேரு எதுவும் குடுக்காம வெறும் பிவிமூவ்னு மட்டும் அடிச்சேன், விட்ட எடத்துலேந்து புடிச்சு ஓடிடுச்சு. ஒரு ஃபைல் போகல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

இவ்ளோ சொல்லியும் ஃப்ரெண்டுக்கு வேணாம்னுதான் சொன்னேன். அவன்கிட்ட ஒரே டிஸ்க், பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட்டதான் நம்பப் போறான், அப்ப சாதா பார்ட்டிஷனே போதும். நான் எல்விஎம்ம மாத்த மாட்டேன். நாளான்னிக்கு முகூர்த்தம், விஜிஎஸ் அடிச்சு விஜில 50 ஜிபியாவது காலி இருக்கான்னு பாத்துட்டுதான் இன்னிக்கு கடைய பூட்டணும்.