செய்தியோடை: நம் கணினியே இறைக்கட்டுமா, வெளி சர்வர் இறைத்துத் தரட்டுமா?

குடியாத்தத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறோம். பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், பள்ளிகொண்டா பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்ததும் முந்தின நாள் நடப்புச் செய்திகளை ஒரே தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டுவது என் வேலை. ரிசர்வ் வங்கி அறிவிப்பு, மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி வெளியீடு, பிபிசி தமிழ், தி இந்து, அறிவியல் வலைப்பூக்கள், பழைய வட ஆற்காட்டைப் பற்றி எழுதுகிற மூன்று பேருடைய பதிவுகள் என்று 120 இடங்களைப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தால் மதியம் ஆகிவிடும். செய்தியோடை இருப்பதால்தான் முக்கால் மணி நேரத்தில் தாள் தயாராகிறது.

ஓடை தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒரு தளம் தன் கடைசிச் சில பதிவுகளின் தலைப்பு, சுருக்கம், இணைப்பு, நேரம் எல்லாவற்றையும், கணினி எளிதாகப் படித்துக்கொள்கிற எக்ஸ்எம்எல் என்ற வடிவக் கோப்பில் எழுதி வெளியே வைக்கிறது. அதுதான் ஓடை. ஆர்எஸ்எஸ், ஆட்டம் என்று இரண்டு வடிவம் உண்டு. படிக்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். 1999-இல் நெட்ஸ்கேப் தொடங்கி வைத்த ஏற்பாடு. தமிழ் வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இந்தக் கோப்புகளை நம்பித்தான் ஓடின. அதில் ‘கடைசிச் சில’ என்று சொன்னேன் இல்லையா, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் தளத்தில் யாரும் மாற்றாமல் விட்டால் 10 பதிவு, பிளாகரில் 25, யூடியூப் சானலில் 15. புதிது வர வரப் பழையது கோப்பிலிருந்து விழுந்துவிடும்.

ஓடை படிக்க நிறையப் பேர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. 2018 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 64, புக்மார்க் பட்டையிலேயே தலைப்புகளைக் காட்டிய ‘லைவ் புக்மார்க்’ வசதியைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு பிரௌசரில் ஓடை படிக்க வேண்டுமென்றால் நாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் ஐந்தாறைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். தோற்றம், வண்ணம், எழுத்தளவு இதையெல்லாம் வைத்து ஒப்பிடுகிறவர்கள் நிறைய. எனக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: போய் எடுத்து வருவது யார்? நம் கணினியா, எங்கோ இருக்கிற சர்வரா?

நம் கணினியே எடுத்து வரும் வகையில் லைவ்மார்க்ஸ், ஃபீட்ப்ரோ என்ற இரண்டு நீட்சிகளும் (பிரௌசரில் நாமே சேர்த்துக்கொள்கிற சின்ன மென்பொருள்கள்), விவால்டி பிரௌசருக்குள்ளேயே இருக்கிற படிப்பானும் வருகின்றன. சர்வர் எடுத்து வைக்கும் வகையில் ஃபீட்லி, இனோரீடர் என்ற இரண்டு இணையச் சேவைகள். பிரேவ் பிரௌசரின் செய்திப் பக்கத்திலும் நம் ஓடைகளைச் சேர்க்கலாம். ஆனால் அது மேலோட்டமாகப் புரட்டிப் பார்க்கத்தான். 120 ஓடையை வரிசையாக முடிக்கிற வேலைக்கு ஆகாது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஒரு பொங்கல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது படிப்பகத்துக் கணினியில் ஃபீட்ப்ரோ வைத்திருந்தேன். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நாலு நாள் பூட்டிவிட்டோம். திறந்த அன்று பார்த்தால், தினம் பதினைந்து பதிவு போடுகிற ஒரு தளத்திலிருந்து பத்தே பத்துதான் வந்திருந்தது. மற்றவை நாங்கள் வருவதற்குள் கோப்பிலிருந்து விழுந்துவிட்டன. எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்த ஒரு பெண், “சார், பொங்கல் வாரத்து நியூஸ்ல இருந்து ரெண்டு கேள்வி வந்துச்சு, நம்ம தாள்ல அது இல்லவே இல்லையே” என்றாள். அந்த வாரத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிரௌசர் மூடியிருந்தால் ஃபீட்ப்ரோ தூங்கும், விவால்டியும் அப்படித்தான். அது அவற்றின் குறை இல்லை, அமைப்பே அது. சர்வர் வகை நாம் தூங்கினாலும் சுற்றிச் சுற்றிப் பார்த்து எடுத்து வைத்திருக்கும்.

ஆனால் சர்வர் வகைக்கும் ஒரு பக்கவாட்டுச் சிக்கல் உண்டு. பல லட்சம் ஓடைகளை அவை பார்க்க வேண்டும். ஆகவே நிறையப் பேர் சந்தா வைத்திருக்கிற ஓடையை அடிக்கடி பார்க்கும், ஒருவர் இருவர் மட்டும் வைத்திருப்பதை மெதுவாகப் பார்க்கும். பெரிய நாளிதழ்கள் உடனே வந்துவிடும். ஆற்காடு நவாபு காலத்துக் கல்வெட்டு, கட்டடம் என்று எழுதுகிற ஒரு தனிமனிதரின் வலைப்பூ சில மணி நேரம் தாமதமாக வரும். ஃபீட்ப்ரோவில் எந்த ஓடையை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று நாமே வைத்துக்கொள்ளலாம். யாரைப் படிக்கிறோம் என்ற பட்டியலும் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

இன்டர்நெட் வேகமும் கணக்கில் வரும். படிப்பகத்தில் பிராட்பேண்ட் விழுந்த நாளில் என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுவேன். அப்போது ஃபீட்ப்ரோ 120 தளங்களையும் தானே தட்டிப் பார்க்க வேண்டும். மாறாத கோப்பை மறுபடி இறக்காமல், ‘போன முறைக்குப் பிறகு மாறியிருக்கிறதா’ என்று கேட்டு விட்டுவிடும் ஏற்பாடு இருந்தாலும், எல்லாத் தளமும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. இனோரீடரில் சேர்ந்து கிடக்கிற பட்டியல் ஒரே இடத்திலிருந்து வந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

லைவ்மார்க்ஸ் பழைய ஃபயர்ஃபாக்ஸ் வசதியை அப்படியே திருப்பித் தருகிறது. புக்மார்க் கோப்புறையைத் திறந்தால் தலைப்புகள் தொங்கும். ஐந்தாறு ஓடைக்குப் போதும். என் அப்பாவின் மடிக்கணினியில் பிபிசி தமிழையும் இரண்டு வலைப்பூவையும் இதில்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

விவால்டி பார்க்க அழகு. பழைய ஓப்பராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் ஆரம்பித்த பிரௌசர் இது. அந்த ஓப்பராவில் அஞ்சலும் ஓடையும் உள்ளேயே இருந்தன. 2021 ஜூனில் வந்த விவால்டி 4.0 அதே யோசனையை மறுபடி கொண்டுவந்தது. ஓடை உள்ள தளத்துக்குப் போனால் முகவரிப் பட்டையில் சின்னம் தெரியும், ஒரு சொடுக்கில் சேர்க்கலாம். பதிவுகள் மின்னஞ்சல் மாதிரி வரிசையில் நிற்கும். மின்னஞ்சலையும் அதிலேயே வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. நான் மின்னஞ்சலைத் தனியாக வைத்திருப்பவன் என்பதால் மூன்று மாதத்துக்கு மேல் ஒட்டவில்லை.

ஃபீட்ப்ரோவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், அதன் விதிகளுக்காக. தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் வண்ணம் பூசு, அந்தச் சொல் இருந்தால் படித்ததாகக் குறித்து ஒதுக்கு என்று எழுதி வைக்கலாம், அதுவும் இலவசமாக. நம் வட்டாரச் செய்தியைப் பிரித்தெடுக்க ‘வேலூர்’ என்று விதி எழுதினேன். முதல் வாரம் பாதிச் செய்தி சிக்கவில்லை. காரணம் தமிழ் எழுத்து கணினிக்குள் இருக்கும் விதம். ‘வேலூர்’ என்பதன் கடைசியில் ர-வும் அதன் மேல் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக இருக்கின்றன. ‘வேலூரில்’ என்று வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. ஆகவே ‘வேலூர்’ என்று தேடினால் ‘வேலூரில்’, ‘வேலூருக்கு’ இரண்டும் கிடைக்காது. புள்ளியை எடுத்துவிட்டு ‘வேலூர’ என்று எழுதினால் எல்லாம் சிக்கும். ஆம்பூருக்கு ‘ஆம்பூர’. பாலாறு ‘பாலாற்றில்’ என்று ஆகும், ஆகவே ‘பாலாற’. எங்கள் ஊருக்கு ‘குடியாத்த’, ஆற்காட்டுக்கு ‘ஆற்கா’. காட்பாடியும் ராணிப்பேட்டையும் முழுசாகவே எழுதலாம். உருபு சேர்ந்தாலும் சொல் உடையாது. ‘இராணிப்பேட்டை’ என்று எழுதுகிறவர்களுடைய செய்தியும் அதிலேயே அடங்கிவிடும். இந்த ஏழெட்டுச் சொல்லைச் சரிசெய்தபின் உள்ளூர்ப் பகுதியை நிரப்ப ஐந்து நிமிடம் போதுமாக இருக்கிறது. வேறு எந்தப் படிப்பானில் விதி எழுதினாலும் தமிழுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

ஃபீட்லி, இனோரீடர் இரண்டில் எது என்று கேட்டால் இனோரீடர்தான் என்பேன். ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 ஓடை, மூன்று கோப்புறை. பாடவாரியாகப் பிரிக்க எனக்கு மூன்று போதாது: பொருளாதாரம், அறிவியல், அரசமைப்பு, வரலாறு, உள்ளூர் என்று ஐந்து வேண்டும்.   இனோரீடர் இலவசத்தில் 150 ஓடை வரை தருகிறது, இடையில் விளம்பரம் வரும், வடிகட்டும் வசதிகளில் பெரும்பாலானவை கட்டணத்துக்குத்தான். இரண்டுக்கும் ஆண்ட்ராய்டு செயலி உண்டு. படிப்பகத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கையில் போன் மட்டும்தான். பேரணாம்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க நினைக்கிறவளிடம் ஃபீட்ப்ரோ நல்லது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஆகவே படிப்பகத்துக் கணினியில் இப்போது இனோரீடர். பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். தினமும் திறக்கிற சொந்த மடிக்கணினி வைத்திருப்பவர்கள், ஓடைகள் எல்லாம் நிதானமாக எழுதுகிற வலைப்பூக்களாக இருப்பவர்கள், ஃபயர்ஃபாக்ஸில் ஃபீட்ப்ரோ வைத்துக்கொள்ளுங்கள், சர்வர் தேவையில்லை. என் வீட்டு மடிக்கணினியில் அதுதான் ஓடுகிறது. உள்ளூர்ச் செய்தியை அங்கே வடிகட்டி எடுத்துக்கொண்டுதான் காலையில் கிளம்புகிறேன்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு ஓடையைச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஓடை இருக்கிறது. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றிய தமிழ்க் கட்டுரையின் ஓடையைச் சேர்த்து வைத்திருக்கிறேன். யாராவது ஒரு வரி மாற்றினால், எது போனது எது வந்தது என்று பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டுகிறது. ஓடை இருக்கிறதா என்று தெரியாத தளங்களில், வேர்ட்பிரஸாக இருந்தால், முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ‘ஃபீட்’ என்று சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

எதை எடுத்தாலும் ஓபிஎம்எல் கோப்பை வெளியே எடுத்து வையுங்கள். நம் ஓடைகளின் முழுப் பட்டியலையும் கோப்புறையோடு சேர்த்துத் தாங்கும் சின்னக் கோப்பு அது. ஒருமுறை கணினி திணறுகிறது என்று சர்வீஸுக்குக் கொடுத்தோம். கேட்காமலே ஃபார்மட் செய்து, புதுசு மாதிரி ஆக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபீட்ப்ரோ வைத்திருந்தது எல்லாம் அந்த வட்டில்தான் இருந்தது. இரண்டு வருடமாகச் சேர்த்த ஓடைகளை ஒவ்வொன்றாக மறுபடி தேடிப் பிடிக்க ஒன்பது இரவு ஆனது. அதில் நாலைந்து வலைப்பூக்களின் பெயரே நினைவுக்கு வரவில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அமைப்புப் பக்கத்தில் ‘எக்ஸ்போர்ட்’ அழுத்தி, கோப்பை எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்கிறேன்.

இந்தக் கோப்பை வைத்து ஃபீட்ப்ரோவிலிருந்து இனோரீடருக்கு மாறியபோது 120 ஓடையும் ஐந்து கோப்புறையும் ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்தன. நட்சத்திரம் போட்டு வைத்த பதிவுகளும், எது படித்தது எது படிக்காதது என்ற கணக்கும் வரவில்லை; ஓபிஎம்எல் அதைத் தூக்கி வராது. மாறுவதற்கு முந்தின நாள் நட்சத்திரப் பதிவுகளை மட்டும் புக்மார்க்கில் போட்டு வைத்துவிடுங்கள்.