வட்டிக்கு நாலு ஸ்டார், கிளைக்கு ரெண்டு

திருப்பூரில் பெருமாநல்லூர் ரோடு பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டுக்காக ஒரு பொதுத்துறை வங்கியில் எடுத்த ரெப்போ வட்டிக் கடன் பற்றிய விமர்சனம் இது. வங்கியின் பெயர் வேண்டாம். கடன் நடக்கிற விதம்தான் விஷயம். ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற வட்டி, அது மாறினால் இந்த வகைக் கடனின் வட்டியும் மாறும். நான் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன், வீட்டுக்காரர் ஜாப் ஒர்க்குக்குச் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறார். அதனால் ஸ்டார் போடுவதற்கு முன் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடன் 30 லட்சம், 20 வருஷம், 2021 பிப்ரவரியில் ஆரம்பம். அப்போது ரிசர்வ் வங்கியின் ரெப்போ 4 சதவீதம். அதன் மேல் எங்கள் வங்கி தனக்கென்று கூட்டி வைத்த வட்டி, அதாவது ஸ்பிரெட், 2.70. ஆக 6.70 சதவீதம், மாதத் தவணை 22,722 ரூபாய். பத்திரச் செலவுதான் அப்போது உயிரை வாங்கியது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று வழிகாட்டி மதிப்பில் (இடத்துக்கு அரசு வைத்த மதிப்பு) 11 சதவீதம் போயிற்று. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், ஆனால் அதே கையோடு வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டார்கள். வாங்குகிறவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கடனில் வட்டியை யார் ஏற்றுகிறார்கள், எதற்கு ஏற்றுகிறார்கள் என்பது வெளிப்படை. 2019 அக்டோபருக்கு முன்னால் பேஸ் ரேட், எம்சிஎல்ஆர் என்று வங்கி தன் உள்கணக்கில் போட்டதுதான் வட்டி. ரிசர்வ் வங்கி குறைத்தாலும் நம் கைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், வந்தாலும் பாதிதான் வரும். இப்போது அப்படியில்லை. பேப்பரில் ரெப்போ செய்தி வந்தால் அடுத்த மூன்று மாதத்துக்குள் என் கடனில் அது தெரிந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வங்கி ஒருமுறைகூடத் தவறவில்லை. ஏறும்போதும் தவறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏற்றம் 2022 மே மாதம் தொடங்கியது. அந்த வருஷம் திருப்பூரில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பஞ்சு ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) லட்சம் ரூபாயைத் தாண்டி, நூல் விலையைக் கேட்டாலே வயிறு கலங்கிய சமயம். உக்ரைன் போரில் எண்ணெய் விலையும் ஏற, ஏப்ரலில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம் வரை போனது. அதை அடக்க ரிசர்வ் வங்கி 4-லிருந்து ரெப்போவை ஏற்ற ஆரம்பித்து, 2023 பிப்ரவரிக்குள் 6.50-க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் வட்டி 9.20 ஆகிவிட்டது.

இங்கேதான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அப்போது பாக்கி சுமார் 28.65 லட்சம். 9.20 சதவீதத்தில் அதற்கு ஒரு மாத வட்டி மட்டுமே 21,965. நாங்கள் கட்டுவது 22,722. அசலில் போய்ச் சேர்வது எண்ணூறு ரூபாய்கூட இல்லை. அதே தவணையைத் தொடர்ந்து கட்டினால் மிச்சக் கடன் தீர இன்னும் 37 வருஷம் ஆகும். எக்செல்லில் போட்டுப் பார்த்துவிட்டு, ஃபார்முலா தப்போ என்று மறுபடி தட்டினேன். ஃபார்முலா சரிதான்.

வங்கி என்ன செய்தது தெரியுமா? எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கடன் முடியும் வருஷத்தை 2041-லிருந்து 2051-க்குத் தள்ளிவிட்டது. அதிலும் அடங்காத மிச்சத்துக்குத் தவணையை 23,800 சொச்சமாக்கியது. எஸ்எம்எஸ்ஸில் வட்டி மாறிய விவரம் மட்டும் வந்தது, பத்து வருஷம் கூடிய விவரம் வரவில்லை. ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளைக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டே, "ஆயிரம் ரூபாதானுங்க மேடம் ஏறியிருக்கு. பாதிப் பேருக்கு இதே தெரியாதுங்க" என்றார். பாதிப் பேருக்குத் தெரியாது என்பதை ஒரு சேவையாகவே நினைத்துச் சொன்னார் என்றுதான் தோன்றியது. நல்ல பையன், கோபப்பட முடியவில்லை.

ஆனால் அந்த ஆயிரத்துக்குப் பின்னால் இருக்கிற தொகை வேறு. வட்டி 9.20-லேயே நின்றால், 23,800 வீதம் 28 வருஷத்துக்கு ஏறக்குறைய 80 லட்சம். பழையபடி 2041-லேயே முடிக்கத் தவணையை 27,200 ஆக்கியிருந்தால் மொத்தம் 59 லட்சத்துக்குள் முடிந்திருக்கும். வித்தியாசம் 21 லட்சம். வாடிக்கையாளர் தலையெழுத்தை மாற்றுகிற இந்த முடிவை வங்கியின் கணினி தானாக எடுக்கிறது. கிளையில் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும்" என்கிறார்கள்.

நல்லவேளையாக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதில் தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். தவணை வட்டிக்கே பற்றாமல் போகும்படி காலத்தை நீட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலுக்கு எவ்வளவு போனது, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று ஸ்டேட்மென்ட் தர வேண்டும். பழைய கடன்களுக்கும் அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் இது வந்தாக வேண்டும் என்றார்கள். வங்கி தானாகக் கூப்பிடவில்லை, நான்தான் போனேன். சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது. இடையில் சில மாதம் போய்விட்டதால், 2041-லேயே முடிகிற மாதிரி தவணையை 27,600 ஆக்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் முகம் சுண்டியது உண்மைதான். யூனிட்டுக்கு இன்னொரு ஓவர்லாக் மெஷின் வாங்கலாம் என்றிருந்தார்.

அப்புறம் 2025-இல் காற்று திரும்பியது. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதம் குறைந்து 5.50, டிசம்பரில் 5.25. அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்று வந்திருந்ததால் குறைக்க இடமிருந்தது. எங்கள் வட்டி 7.95-க்கு இறங்கிவிட்டது. தவணையைக் குறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால், இப்போது கடன் 2039 தொடக்கத்திலேயே முடிவதாகக் காட்டுகிறது. 2051 என்று ஒருகாலத்தில் காட்டிய அதே கடன்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வட்டி இறங்கிய அதே வருஷம்தான் அமெரிக்கா ஆகஸ்ட் 27-லிருந்து நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது, யூனிட்டில் இரண்டு மெஷின் மூடிக் கிடந்தது. கடன் மலிவாகும்போது சம்பளம் ஆடுகிறது, சம்பளம் நிமிரும்போது கடன் ஏறுகிறது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு சென்ட் இடத்தின் விலை மட்டும் இரண்டுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. விற்கிறவர்களுக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான். வட்டி குறைந்தது என்று இப்போது வீடு தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள். கட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் சிமெண்ட் ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 ஆனது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு குறை பாக்கி இருக்கிறது, எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். கிளை வாசலில் புதிய வீட்டுக்கடன் 7.35 சதவீதம் என்று பேனர் தொங்குகிறது. ரெப்போ எல்லோருக்கும் ஒன்றுதான், ஸ்பிரெட்தான் வேறு. புதிதாக வருகிறவருக்கு 2.10, ஒரு தவணைகூடத் தவறாத எங்களுக்கு 2.70. எங்கள் பாக்கியில் அது வருஷத்துக்குப் பதினாறாயிரம் ரூபாய். ஸ்பிரெட்டின் சில பகுதிகளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று முன்பு விதி இருந்தது. வாடிக்கையாளருக்குச் சாதகமாக என்றால் அதற்கு முன்பே குறைக்கலாம் என்று 2025 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி அனுமதித்துவிட்டது. குறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, கேட்டால் குறைக்கலாம். கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கோம்" என்பதுதான் இதுவரை பதில்.

கடனை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று வாரம் தவறாமல் போன் வருகிறது. வீட்டுக்கடன் நிறுவனங்கள் என்றால் கவனம். ரெப்போவோடு இணைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிகளுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம், பழைய பேஸ் ரேட் கதைதான். இன்னொரு வங்கிக்கு மாற்றுவதில் தப்பில்லை. மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் புதிய இடத்தில் வக்கீல் கருத்து, மதிப்பீடு, பிராசஸிங் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் முதலிலிருந்து வரும். கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்று ஒன்று தர வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். கட்டணங்களும் சேர்ந்த மொத்த வருட வட்டி அதில் இருக்கும். பேனரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். கடனை அடைத்தபின் பழைய வங்கி 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

வருமான வரிக்காக வீட்டுக்கடன் எடுக்கச் சொல்கிறவர்களிடம் எந்த வரி முறையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கான 2 லட்சம் வட்டிக் கழிவு பழைய முறையில்தான் உண்டு.

ஆக, ரெப்போ கடனுக்கு நாலு ஸ்டார். இன்று எடுப்பதானாலும் இதைத்தான் எடுப்பேன், ஆனால் வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தவணை எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிட்டு, அதைக் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும். கிளைக்கு ரெண்டு ஸ்டார். மண்டல அலுவலகத்திலிருந்து நல்ல பதில் வந்தால் இன்னொன்று சேர்த்துத் திருத்தி எழுதுகிறேன்.