துணிவும் கறாரும்: தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு, ஒரு மதிப்புரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் பின்னர் ஓர் இணைப்புத் தொகுதியாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை, சிகாகோ பல்கலைக்கழகம் தனது தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கட்டணமின்றித் தேடும்படி வைத்திருக்கிறது. ஓர் அகராதியைப் பொதுப்படையாகப் புகழ்வது எளிது. ஒரே பொருளைச் சுற்றிவரும் சொற்களை வரிசையாகத் தேடிப் பார்த்தால்தான் அதன் தரம் பிடிபடும். தயங்காமல் முடிவெடுத்து அதில் நிற்கும் குணத்தைச் சுட்டும் சொற்களை, குறிப்பாகத் துணிவு, கண்டிப்பு, கறார், திட்டவட்டம் ஆகியவற்றை, இதற்காக எடுத்துக்கொண்டேன்.

‘துணி’ என்று இட்டுத் தேடினால் சிற்றெண்கள் இட்ட தலைச்சொற்கள் தனித்தனியே வருகின்றன. வினைச்சொல்லுக்குரிய பதிவில் வெட்டுப்படுதல், நீங்குதல், தெளிவாதல், முடிவுசெய்தல், அஞ்சாது முனைதல் ஆகிய பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. துணிவு என்றதும் பயமின்மை மட்டுமே நினைவுக்கு வரும் இக்காலத்தவருக்கு இந்த ஒரு பதிவே பெரிய விருந்து. வேண்டாத வழிகளை வெட்டிவிட்டு, கலங்கல் நீங்கித் தெளிந்து, ஒன்றில் நிலைகொள்வதுதான் துணிதல். அஞ்சாமை அதன் பின்னால் வருவது. முடிவாகப் பேசுபவரை ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பேச்சிலும் இதே வெட்டுதான் இருக்கிறது.

இந்தப் பொருள்வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு குறளைப் படித்தால் பல இடங்கள் துலங்குகின்றன. ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற 467ஆம் குறள் எல்லோருக்கும் மனப்பாடம். அதைவிட நுட்பமானது ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ என்ற 671ஆம் குறள். ஆராய்ச்சியின் எல்லை ஒரு முடிவுக்கு வருதல். வந்த முடிவைக் காலதாமதத்தில் கிடத்துவது கேடு. இங்கே துணிவுக்கு வீரம் என்று பொருள்கொண்டால் குறள் நொண்டும், ஏனெனில் ஆராய்ந்து பார்ப்பதன் முடிவில் கிடைப்பது தெளிந்த தீர்மானமே. பாட்டின் அடியையும் எண்ணையும் பொருளோடு சேர்த்துத் தரும் வழக்கத்தால், இத்தகைய இடங்களில் பேரகராதி ஓர் உரையாசிரியரைப் போலத் துணைநிற்கிறது.

சொற்பிறப்புக் குறிப்புகளும் பயனுள்ளவை. கறார் உருதுவிலிருந்து வந்தது. உடன்பாடு, நிலைப்பாடு என்ற பொருளில் வந்த சொல், கடைத்தெருவில் ‘கறார் விலை’ ஆகிப் பேரத்துக்கு இடமில்லை என்று அறிவிக்கிறது. கண்டிப்பு வடமொழி வேரில் வெட்டுதலையே குறித்தது. ஆனால் இவற்றைப் பயன்படுத்துவதில் உள்ள வேறுபாட்டை அகராதி சொல்வதில்லை. ஒருவருடைய துணிவைப் பாராட்டாகச் சொல்வோம். கறாராகப் பேசினார் என்பதில் பாதி மெச்சலும் பாதி மனத்தாங்கலும் கலந்திருக்கும். ‘கண்டிப்பாக வருகிறேன்’ என்பவர் வராமல் போவதும் உண்டு என்பது வேறு கதை.

இத்தளத்தின் பெரிய குறையும் இதுதான். நூல் நின்ற ஆண்டோடு சொல்லின் வரலாறும் நின்றுவிடுகிறது. திட்டவட்டமாக மறுத்தார், திட்டவட்டமாக அறிவித்தார் என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. திட்டவட்டமாக நடந்தான் என்று எவரும் எழுதுவதில்லை. எந்தச் சொல் எந்த வினையோடு சேரும் என்ற இந்த அறிவு, எழுதுபவருக்குப் பொருளைவிட முக்கியமானது. அதற்கு 1992இல் முதலில் வெளிவந்து 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையே நாட வேண்டும். அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இக்கால நடையில் அமைந்தவை. பழைய நூல்களைப் படிப்பவருக்குப் பேரகராதி, இன்றைக்கு எழுதுபவருக்கு க்ரியா என்று நான் தயங்காமல் சொல்வேன்.

பலரும் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. தலைச்சொல்லில் மட்டுமன்றிப் பதிவு முழுவதிலும் தேடும்படி அமைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலச் சொல்லை இட்டால், அந்தச் சொல்லால் விளக்கப்பட்ட தமிழ்ச் சொற்கள் பட்டியலாக வரும். உறுதி, திட்பம், முடிவு ஆகியவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விளக்கங்களின் ஆங்கிலம் நூறாண்டுப் பழமையானது. அப்பட்டியலில் அன்றாடச் சொல்லும் அரிய செய்யுட்சொல்லும் அருகருகே கிடக்கும். நூற்பெயரின் சுருக்கத்தோடு மேற்கோள் இருக்கிறதா, பேச்சுவழக்கு அல்லது வட்டாரவழக்கு என்ற குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவற்றிலிருந்து ஒன்றை எடுத்து எழுத வேண்டும்.