நிரலுக்கு வண்ணம்: லிஸ்டிங்ஸை விட்டு மின்டட்டுக்கு வந்த கதை

பங்கு = செலவு / புள்ளி

எங்கள் பைத்தான் பயிற்சிப் புத்தகத்தின் 3ஆம் பாடத்தில் வரும் வரி இது. காரைக்குடியில் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு ஏதோ ஒரு வளவு வீட்டில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், ஒரு மூலையாவது பங்கு இருக்கும். ஓடு மாற்றிய செலவைப் புள்ளிக்கு (ஒரு குடும்பம் ஒரு புள்ளி) இவ்வளவு என்று பங்காளிகள் பிரித்துக்கொள்வதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அப்படியே எழுதிவிட்டேன். நிரல் எழுதியது சுலபம். வண்ணம் பிரித்து, எழுத்து உடையாமல், அதை அச்சில் கொண்டுவரத்தான் இரண்டு பதிப்பு ஆனது.

புத்தகம் லேடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்தது. அதில் நிரலுக்கு சின்டாக்ஸ் ஹைலைட்டிங், அதாவது சொல்வகைக்கு ஒரு வண்ணம், போட முக்கியமாக இரண்டு வழி. ஒன்று லிஸ்டிங்ஸ், 1996இல் கார்ஸ்டன் ஹைன்ஸ் தொடங்கிய பேக்கேஜ். முழுக்க, லேடெக்குக்கு அடிப்படையான டெக்கிலேயே எழுதப்பட்டது, வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். இன்னொன்று மின்டட். 2010இல் கொன்ராட் ருடால்ஃப் தொடங்கினார், பிறகு ஜெஃப்ரி பூர் ஏற்று நடத்துகிறார். இது தானாக எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிரலைப் பைத்தானில் எழுதப்பட்ட பிக்மென்ட்ஸ் என்ற வெளி மென்பொருளிடம் கொடுத்து, வண்ணம் பூசி வாங்கி வந்து பக்கத்தில் வைக்கிறது. மூன்றாவதாக டைப்ஸ்ட் என்று லேடெக்குக்கே மாற்றாக ஒன்று வந்திருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

வழக்கமாக ஒப்பிடும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேகத்தில் லிஸ்டிங்ஸ் முந்தும். ஆனால் மின்டட் ஒருமுறை செய்ததைச் சேமித்து வைத்துக்கொள்வதால் இரண்டாம் முறையிலிருந்து வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மொழிகள் என்று பார்த்தால் பிக்மென்ட்ஸுக்கு 500க்கும் மேல் தெரியும். லிஸ்டிங்ஸுக்கு அதில் ஒரு பங்குதான், இல்லாததற்கு நாமே சொற்பட்டியல் எழுதிச் சேர்க்கலாம். அழகில் மின்டட் மேல். லிஸ்டிங்ஸ் பெரும்பாலும் பட்டியலில் உள்ள சொல்லைக் கண்டால் தடித்த எழுத்தாக்கும், அவ்வளவுதான். பிக்மென்ட்ஸ் எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் (மாறியின் மதிப்பை நடுவில் செருகும் பைத்தான் மேற்கோளுக்குள்) இருக்கும் அடைப்புக்குறியைக்கூடப் பிரித்துக் காட்டும். நிரல் முழுக்க ஆங்கிலம், பத்து இருபது பக்கம் என்றால் லிஸ்டிங்ஸே போதும், யோசிக்கவே வேண்டாம்.

முதல் பதிப்பை நானும் லிஸ்டிங்ஸில்தான் செய்தேன். தமிழ் வந்தவுடன் சிக்கல் ஆரம்பித்தது. லிஸ்டிங்ஸ் ஒவ்வொரு எழுத்தாக வாங்கிச் சேர்த்துவைத்து, சொல் முடிந்ததும் வெளியே விடுகிறது. தன் அட்டவணையில் இல்லாத எழுத்து வந்தால் அது காத்திருப்பதில்லை, நேராகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். வரிசையில் நின்ற ஆங்கில எழுத்துகள் அதற்குப் பின்னால்தான் வரும். கமென்ட்டில், அதாவது நிரலுக்குள் நாம் எழுதும் குறிப்பில், ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால் தமிழ் முன்னால் ஓடிவந்து நிற்கும்.

சரி, அட்டவணையிலேயே தமிழைச் சேர்த்துவிடலாம் என்றால், அடுத்த கோளாறு. லிஸ்டிங்ஸ் தானாக வைத்திருக்கும் அமைப்பில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலத்தில் ஒரு கட்டம். தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் அடுத்தடுத்து இருந்தால்தான் எழுத்துருவால் சேர்த்து வரைய முடியும். தனித்தனிக் கட்டத்தில் போட்டால் ‘செலவு’ என்ன ஆகும் என்று பாருங்கள். ச தனியாக நிற்கிறது. அதற்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கட்ட அமைப்பைத் தளர்த்தினால் ஓரளவு சரியாகும். ஆனால் எந்த வரியில் எது உடையும் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கமென்ட்டை மட்டும் லேடெக்கிடமே விட்டுவிட ‘டெக்ஸ்சிஎல்’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டதும் தமிழ்க் கமென்ட் அழகாக வந்தது. ஆனால் கமென்ட்டில் ஓர் அடிக்கோடு இருந்தால் லேடெக் பக்கம் செய்வதை அங்கேயே நிறுத்திவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் தமிழுக்கு இது உதவவும் செய்யாது. அதற்கு நிரலின் நடுவிலேயே அடையாளக் குறி போட்டு, ‘இங்கிருந்து இதுவரை லேடெக்’ என்று தப்பிக்க வழி இருக்கிறது. நான் அதைத்தான் செய்தேன். அதுதான் தப்பு.

குறி போட்ட நிரலைப் பைத்தானில் ஓட்ட முடியாது. எனவே ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு கோப்பு ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் எத்தனை வாங்க வேண்டும் என்று கணக்குப் போடும் நிரலில், சதுர அடிக்கு 2.5 கல் என்று தவறாக எழுதியிருந்தேன். கண்ணில் பட்டதும் ஓடுகிற கோப்பில் திருத்தினேன். புத்தகக் கோப்பை மறந்தேன். அச்சாகி வந்த முதல் வாரமே ஒரு பையன் எழுந்து, “சார், எட்டு இன்ச் கல்லு அடிக்கு ரெண்டேகால்தானே சார்?” என்றான். அவன் அப்பா அந்தக் கல் வார்க்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவர். 144ஐ 64ஆல் வகுத்தால் 2.25. அவன் அதை வகுத்துப் பார்க்கவில்லை, வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன்.

அதன் பிறகு எனக்கு வண்ணமோ வேகமோ பெரிதாகப் படவில்லை. மூன்று வருடம் கழித்துக் கோப்பைத் திறந்தால் வேலை செய்யுமா, ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்துமா என்பதை மட்டும்தான் பார்த்தேன். பராமரிப்புதான் கேள்வி. ஊரில் இத்தனை பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

மின்டட்டில் நிரல் கோப்பை அப்படியே உள்ளே இழுக்கலாம். குறி எதுவும் வேண்டாம், பையன் ஓட்டுகிற அதே கோப்புதான் அச்சிலும். லிஸ்டிங்ஸிலும் கோப்பை இழுக்கலாம்தான், தமிழ் இருக்கும்போது முடியாமல் போனது. பிக்மென்ட்ஸ் எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் ‘செலவு’ என்பதை ஒரே மாறிப்பெயராக எடுத்துக்கொள்வதால் கொம்பு தன் இடத்தில் இருக்கிறது. லேடெக்கின் ஒரு வகையான லுவாலேடெக்கில் டெஜாவு மோனோவை முதன்மை எழுத்துருவாக வைத்து, அதில் இல்லாத தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை மாற்றாகக் கொடுத்திருக்கிறேன். எழுத்துகளைச் சேர்த்து வரையும் ஹார்ஃப்பஸ் முறையைச் சொல்ல மறந்தால் கொம்பு மறுபடி ஊர்சுற்றக் கிளம்பிவிடும்.

மின்டட்டுக்கு எதிராகச் சொல்வது, அது வெளியாரை நம்பியிருக்கிறது என்பது. உண்மைதான், நானும் பட்டேன். இரண்டாம் பதிப்பின் மாதிரிப் பக்கங்களை ஓர் அச்சகத்தில் கொடுத்தபோது அவர்கள் கணினியில் பைத்தானே இல்லை. நிரல் வர வேண்டிய இடமெல்லாம் காலி. மின்டட்டின் இரண்டாம் வெர்ஷன் காலம் அது. வெளி நிரல்களை ஓட்ட லேடெக்குக்குத் தரும் அனுமதியான ஷெல்-எஸ்கேப்பைத் திறந்துவிட்டால்தான் ஓடும், திறந்துவிட்டால் லேடெக் கோப்பு உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். அந்நியர் கோப்புக்கு அப்படித் திறந்துவிட அவர்கள் மறுத்தது நியாயம்தான்.

2024இல் வந்த மின்டட்டின் மூன்றாம் வெர்ஷனில் இது பெருமளவு தீர்ந்தது. ‘லேடெக்மின்டட்’ என்ற தனி நிரலை, லேடெக்கை நிறுவ உதவும் டெக்ஸ் லைவ் தொகுப்பில் 2024 முதல் நம்பத்தக்க பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஷெல்-எஸ்கேப்பை முழுதாகத் திறக்க வேண்டாம். பிக்மென்ட்ஸும் கூடவே வந்துவிடுகிறது, கணினியில் பைத்தான் இருந்தால் போதும்.

பைத்தானும் இல்லாத இடத்துக்கு ‘ஃப்ரோசன்கேஷ்’ இருக்கிறது. எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது இதுதான். வண்ணம் பூசிய ஒவ்வொரு நிரலையும் மின்டட் ஒரு ஃபோல்டரில் வெறும் லேடெக் துண்டாகச் சேமிக்கிறது. அந்த ஃபோல்டரைச் சேர்த்துக் கொடுத்து, பேக்கேஜை அழைக்கும் இடத்தில் இந்த ஆப்ஷனைப் போட்டுவிட்டால், பிறகு அது பைத்தானைத் தேடவே தேடாது. பிக்மென்ட்ஸ் நாளை எப்படி மாறினாலும் இன்று வந்த பக்கம் அப்படியே வரும். நிரலில் எதையாவது திருத்தினால் மட்டும், இந்த ஆப்ஷனை எடுத்துவிட்டுப் பைத்தான் உள்ள கணினியில் ஒருமுறை ஓட்டித் துண்டுகளைப் புதுப்பிக்க வேண்டும். 

உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் பிக்மென்ட்ஸின் ‘பிடபிள்யூ’ பாணியைப் போட்டேன். முக்கியச் சொல் தடிப்பாக, கமென்ட் சாய்வாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழில் சாய்வு கிடையாது, எனவே தமிழ்க் கமென்ட் நேராகவே நிற்கிறது. அது குறையாகத் தெரியவில்லை. இன்னொன்று, பிக்மென்ட்ஸுக்குப் புரியாத எழுத்து வந்தால் வழக்கமான பாணியில் சிவப்புக் கட்டம் போடும். பைத்தானில் எனக்கு வரவில்லை. சி மொழி நிரலில் தமிழ்ப் பெயர் வைத்துப் பார்த்தபோது வந்தது.

டைப்ஸ்ட் பற்றி: அதில் ஹைலைட்டிங் உள்ளேயே இருக்கிறது. ஷெல்லும் வேண்டாம், பைத்தானும் வேண்டாம், ஒரே நிரல், மின்னல் வேகம். நான் அதில் 12 பக்கக் கையேடு ஒன்றுதான் செய்திருக்கிறேன். தமிழ் நன்றாகவே வந்தது. ஆனால் 2023இல் வெளிவந்தது, பதிப்பு எண் இன்னும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது, பதிப்புக்குப் பதிப்பு கட்டளைகள் மாறுகின்றன. 12 பக்கத்தை வைத்துக்கொண்டு 180 பக்கப் புத்தகத்துக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பார்க்கட்டும்.

மின்டட்டிலும் தீராதது ஒன்று உண்டு. சம அகல எழுத்தில் தமிழ் அடங்காது. அடுத்தடுத்த வரிகளில் சமக்குறிகளை ஒரே நேரில் நிறுத்த முடியவில்லை, ‘பங்கு’ வரியும் ‘செலவு’ வரியும் அரை எழுத்து விலகியே நிற்கின்றன. ப்ரூஃப் பார்த்த தமிழாசிரியர் அந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் சுழித்து அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.