ஐந்து எல்பியா, மூன்று சிடியா: குளச்சல் வீட்டுக்கு ஒரு டிலன் பெட்டி

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ‘பயோகிராஃப்’ என்ற பாட்டுத் தொகுப்புப் பெட்டி 1985இல் வந்தது. 1961 முதல் 1981 வரை அவர் பாடிப் பதிவு செய்ததிலிருந்து 53 பாட்டு. எல்பியாக, அதாவது ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டாக எடுத்தால் ஐந்து தட்டு, சிடியாக எடுத்தால் மூன்று. பாட்டும் வரிசையும் ஒன்றுதான். போன வருடத்துக்கு முந்தைய வருடம் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் எல்பிப் பெட்டியும் இன்னொருவரிடம் சிடிப் பெட்டியும் விற்பனைக்கு இருந்தன. ஒரு வாரம் யோசித்துவிட்டு சிடியை எடுத்தேன். என் வீட்டிலிருந்து கடற்கரைக்குச் செருப்புகூடப் போடாமல் நடந்து போய்விடலாம். முக்கியக் காரணம் அதுதான்.

எல்பியின் சத்தம் உசத்தியா, சிடியின் சத்தம் உசத்தியா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. என்னிடமுள்ள ஸ்பீக்கருக்கு அந்த அளவு நுணுக்கம் கிடையாது. போனிலேயே கேட்கலாமே என்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பெட்டியோடு வரும் புத்தகம் போனில் இல்லை. இசைப் பத்திரிகையாளர் கேமரன் குரோ எழுதியது, பல பாட்டுகளைப் பற்றி டிலனே பேசுகிறார். எனக்கு அதற்காகவே பாதிக் காசு கொடுக்கலாம்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். நம் குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை. ஜூனில் தென்மேற்குத் தொடங்கி ஆடிச் சாரல் முழுக்க அடிக்கும். கொஞ்சம் வெயில் கண்டு துணி உலர்ந்ததோ இல்லையோ, ஐப்பசியில் வடகிழக்கு வந்து நிற்கும். சென்னைக்காரருக்கு வருடத்தில் மூன்று மாத ஈரம் என்றால் நமக்கு ஆறேழு மாதம். கடலோரம் என்றால் அதோடு உப்பும். என் வீட்டு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு ஓட்டையாகி, அதை அட்டை வைத்து மறைத்திருக்கிறேன்.

வாங்கும் முன்பு இரணியலில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கி வந்த அதே எல்பிப் பெட்டி அங்கே இருக்கிறது. அது ஆடி மாதம். பெட்டியைத் திறந்ததும் பழைய நெல் குதிரைத் திறந்த மாதிரி ஒரு வாடை. முதல் தட்டின் காகித உறையில் மிளகு அளவுக்கு வெள்ளை வெள்ளையாகப் பூசணம். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அதன் மேலும் மூச்சு விட்டது போல ஒரு மங்கல். நான் சட்டை நுனியைக் கொண்டுபோனேன். “லேய், தொடைக்காதே! அது பள்ளத்துக்குள்ள போயிரும்” என்று கையைத் தட்டிவிட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. எல்பியின் பிளாஸ்டிக்கைப் பூசணம் தின்னாது. அது தின்பது உறைக் காகிதத்தையும், தட்டில் ஒட்டிய தூசியையும், நம் விரல் எண்ணெயையும். அங்கே வளர்ந்து பள்ளத்தில் இறங்கிவிட்டால் ஊசி போகும் வழியெல்லாம் ஓலைமேல் தூறல் விழும் சத்தம். எடுக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிறுத்திவைத்து உலர்த்த வேண்டும். ஆடியில் எங்கே உலர்த்துவது? அண்ணன் மின்விசிறிக்கு முன்னால் பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டில் ஐந்தையும் சொருகி வைப்பாராம். உலர்ந்ததைப் பழைய உறைக்குள்ளேயே போட்டால் பூசணம் திரும்பி வரும். அதனால் உறையையும் மாற்ற வேண்டும். ஈரம் புகாமலிருக்கப் பாலித்தீனில் இறுகக் கட்டினால் உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே வேகும். இவ்வளவும் ஒரு பெட்டிக்கு, வருடத்துக்கு ரெண்டு தடவை. கடலிலிருந்து தள்ளி இருக்கும் இரணியலிலேயே இந்தக் கதி என்றால் என் வீட்டில் என்ன ஆகும்?

சிடிக்கு நோயே வராது என்று சொல்லவில்லை. பலரும் பளபளப்பான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். உண்மையில் மென்மையானது எழுத்து அச்சடித்த மேல்பக்கம். அலுமினியப் படலம் அதற்கு அடியில்தான், மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே காவல். அது கீறினால் உப்புக்காற்று உள்ளே போய் அலுமினியத்தைக் கெடுக்கும், அப்புறம் அந்த இடத்தில் பாட்டு இல்லை. என் பழைய சிடிகள் சிலவற்றில் உள்புத்தகத்தின் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் காவிக் கறை. பிளேயரின் லென்ஸும் மங்கும். ஆனாலும் சிடிப் பெட்டிக்கு நான் செய்வது இவ்வளவுதான்: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைக்கிறேன், மணிகள் நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுகிறேன். பன்னிரண்டு அங்குல எல்பிப் பெட்டிக்கு அப்படி ஒரு டப்பா வேண்டுமென்றால் அரிசி டின்தான்.

எல்பியிடம் ஒரு விஷயத்தில் நான் தோற்றேன், அதை மறைக்க மாட்டேன். இந்தப் பெட்டியில் பாட்டுகள் வருட வரிசையில் இல்லை. 1969இன் குழைந்த குரலில் ‘லே லேடி லே’ முடிந்ததும், இருபது வயதுப் பையனாக 1961இல் பதிவு செய்த பாட்டு வந்து நிற்கும். குழப்பமாகத் தோன்றும். ஆனால் எல்பியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டு. முதல் பக்கம் ஐந்தும் காதல் பாட்டு, கால் மணி நேரத்தில் முடியும். எழுந்துபோய்த் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் ஐந்தும் நீதி கேட்கும் பாட்டு. கடைசியில் ‘பெர்சிஸ் சாங்’, மழையையும் காற்றையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டபடி ஏறக்குறைய எட்டு நிமிடம். 1963இல் பதிவாகி, இந்தப் பெட்டி வரும்வரை வெளிவராமல் கிடந்தது. அது முடிந்து ஊசி தூக்கிக்கொண்டதும் யாரும் பேசாமல் இருப்போம். சிடியில் அந்த இடைவெளி கிடையாது, அடுத்தது உடனே தடதடவென்று ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் எந்தெந்தப் பாட்டோடு பக்கம் முடிகிறது என்று எழுதி டப்பாவில் வைத்திருக்கிறேன். முதல் சிடியில் ஐந்தாவதற்குப் பிறகு ஒரு நிறுத்தம், பத்தாவதற்குப் பிறகு ஒன்று. ரிமோட்டில் நிறுத்தி, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். போலிதான், ஆனால் வேலை செய்கிறது.

திருப்பி விற்கும் எண்ணம் இருந்தால் எல்பிக்குத்தான் மதிப்பு. அதுவும் பூசணக்கறை இல்லாத பெட்டிக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: என் சிடிப் பெட்டி இந்த வீட்டில் ரெண்டு வருட மழைதான் பார்த்திருக்கிறது. எல்பியை நான் சொந்தமாக வைத்துப் பழகியதே இல்லை, தெரிந்ததெல்லாம் அண்ணன் வீட்டில் கண்டது. பூதப்பாண்டிப் பக்கம் காற்றோட்டமான மச்சு வீடு இருப்பவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். “மக்கா, நாலாவது தட்டு தவ்வுது. உன் பெட்டியில அந்த சிடியை மட்டும் கொண்டுவா.” ஞாயிற்றுக்கிழமை போகிறேன், துண்டுச் சீட்டோடு.